நுரையீரல் புற்றுநோயும் மரபணுப் பட்டியல்களும்: இருபது வருடம் தாண்டியும் ஏன் வார்டுக்கு வரவில்லை?

இளவேனில்

எல்லோருக்கும் வணக்கம். உயிர்தகவலியல் எம்.எஸ்ஸி. கடைசி வருடம் படிக்கிறேன். புராஜெக்டுக்கு நுரையீரல் அடினோகார்சினோமாவை (சுரப்பி வகைச் செல்களில் தொடங்கும் புற்றுநோய்) எடுத்திருக்கிறேன். கட்டியில் எந்தெந்த மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்பதை அளந்து, நோயாளி எவ்வளவு காலம் இருப்பார் என்று கணிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

படிக்கத் தொடங்கினால் 2002க்குப் போய் நிற்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீர் குழுவினர் 86 பேருடைய கட்டிகளை மைக்ரோஅரேயில் (ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வெளிப்பாட்டை ஒரே நேரத்தில் அளக்கும் சில்லு) பார்த்து, 50 மரபணுக்களை வைத்து ஓர் ஆபத்து மதிப்பெண் உருவாக்கினார்கள். அதே வருடம் நெதர்லாந்திலிருந்து மார்பகப் புற்றுநோய்க்கு 70 மரபணுப் பட்டியல் வெளிவந்தது. மார்பகத்தில் அந்த வகைச் சோதனைகள் இன்று நிஜமாகவே நடக்கின்றன. 21 மரபணுச் சோதனையின் மதிப்பெண்ணைப் பார்த்து, "உங்களுக்குக் கீமோ தேவையில்லை" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அதே சமயத்தில் தொடங்கிய நுரையீரல் பக்கம், கட்டுரைகள் மட்டும் குவிந்துகொண்டே போகின்றன.

நானும் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். டி.சி.ஜி.ஏ. என்ற அமெரிக்கப் பொதுப் புற்றுநோய் மரபணுத் தொகுப்பில் ஏறக்குறைய 500 நோயாளிகள். காக்ஸ் மாதிரியில் (பிழைப்பு காலத்தை அலசும் புள்ளியியல் முறை) லாசோ (முக்கியமான மரபணுக்களை மட்டும் வடிகட்டும் முறை) போட்டதில் 9 மரபணுக்கள் வந்தன. மதிப்பெண்ணை நடுமதிப்பில் இரண்டாகப் பிரித்தால் இரண்டு குழுக்களின் பிழைப்புக் கோடுகளும் நன்றாக விலகி நிற்கின்றன. பி மதிப்பு 0.0001க்கும் கீழே. வழிகாட்டி "பத்திரிகைக்கு அனுப்பிவிடலாம்" என்கிறார். அனுப்புவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும்: இதை ஒரு மருத்துவர் ஒரு நோயாளிக்காவது பயன்படுத்துவாரா? இல்லையென்றால் இதில் என்ன குறைகிறது?

அளவுகோல்

நல்ல கேள்வி. நான் மருத்துவப் புள்ளியியலில் வேலை பார்க்கிறேன், என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

20,000 மரபணுக்கள், 500 நோயாளிகள். அந்த 500 பேரிலும் இறப்பு பதிவானவர்கள் பாதிக்கும் குறைவு. டி.சி.ஜி.ஏ. தொகுப்பு கட்டியின் மரபணு மாற்றங்களைப் பட்டியலிடத்தான் திரட்டப்பட்டது. நோயாளிகளை நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்ப்பது அதன் முதல் நோக்கமே இல்லை. இத்தனை மரபணுக்களுக்கு இவ்வளவு குறைவான இறப்புகளை வைத்துக்கொண்டு தேடினால், பிழைப்பு காலத்தோடு சேர்ந்து நகரும் 9 மரபணுக்கள் கிடைக்காமல் போனால்தான் ஆச்சரியம். வேறு 9 எடுத்தாலும் அதே பி மதிப்பு வரும். இன்னொரு 9க்கும் வரும்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. 2005இல் மிஷியல்ஸ், கோஷெல்னி, ஹில் மூவரும் லான்செட்டில் ஒரு வேலை செய்தார்கள். அதுவரை வந்த பெரிய மைக்ரோஅரே ஆய்வுகள் ஏழை எடுத்து, நோயாளிகளைத் திரும்பத் திரும்பக் குலுக்கிப் பயிற்சிக் குழு, சோதனைக் குழு என்று பிரித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் மரபணுப் பட்டியல் மாறியது. ஏழில் ஐந்து ஆய்வுகள் குருட்டு யோகத்தைவிட மேலாக எதையும் கணிக்கவில்லை. அடுத்த வருடம் ஐன்-டோர் குழு கணக்குப் போட்டுக் காட்டியது: நிலையான ஒரு மரபணுப் பட்டியல் வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான நோயாளிகள் தேவை.

மார்பகப் புற்றுநோயில் 2011இல் வெனே குழு செய்தது இன்னும் கடுமை. வெளியான 47 பட்டியல்களை, அதே அளவில் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய மரபணுப் பட்டியல்களோடு ஒப்பிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவை அந்தக் கண்மூடிப் பட்டியல்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலாக இல்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். செல் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பது மரபணு வெளிப்பாட்டின் பெரும்பகுதியை ஒரே திசையில் இழுக்கிறது. எந்தக் கைப்பிடி எடுத்தாலும் அதில் பெருக்க வேகத்தின் சாயல் இருக்கும், பெருக்க வேகம் பிழைப்போடு தொடர்புள்ளது. அதனால் எதை எடுத்தாலும் "முக்கியத்துவம்" வந்துவிடுகிறது.

உன்னிடம் மூன்று கேள்விகள். நோயின் நிலை, வயது இரண்டையும் மாதிரியில் சேர்த்த பிறகும் உன் மதிப்பெண் ஏதாவது கூடுதலாகச் சொல்கிறதா? வெளித் தொகுப்பில் சோதித்தாயா? சோதித்தபோது எந்த வெட்டுப்புள்ளியை (உயர் ஆபத்து, குறைந்த ஆபத்து என்று பிரிக்கும் மதிப்பு) வைத்தாய்?

இளவேனில்

விரிவாக எழுதியதற்கு நன்றி சார். நிலையைச் சேர்த்தாலும் முக்கியத்துவம் இருக்கிறது, ஆனால் ஆபத்து விகிதம் இறங்குகிறது. வெளித் தொகுப்புகளில் ஜப்பானின் 226 பேர் கொண்ட ஜி.எஸ்.இ.31210இல் நன்றாக வந்தது. இன்னொன்றில் சுமாராகத்தான் வந்தது. ஒவ்வொரு தொகுப்பிலும் அந்தந்தத் தொகுப்பின் நடுமதிப்பைத்தான் வெட்டுப்புள்ளியாக வைத்தேன். நான் படித்த கட்டுரைகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

அளவுகோல்

அங்கேதான் சிக்கல். நாளைக்குக் காலையில் ஒரே ஒரு நோயாளி வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள். அவருடைய மதிப்பெண் 2.3. அவர் உயர் ஆபத்தா, குறைந்த ஆபத்தா? நடுமதிப்பு வேண்டுமென்றால் அவரோடு இன்னும் 200 பேர் வரிசையில் நிற்க வேண்டும். அந்த 200 பேரும் நான்காம் நிலை நோயாளிகள் என்றால் இவர் "குறைந்த ஆபத்து". எல்லோரும் முதல் நிலை என்றால் "உயர் ஆபத்து". கட்டி ஒன்றேதான், பக்கத்தில் நிற்பவர்களைப் பொறுத்துப் பதில் மாறிவிடுகிறது.

சோதனை என்றால் மரபணுக்கள், அவற்றின் எடைகள், அளக்கும் முறை, வெட்டுப்புள்ளி நான்கும் முன்கூட்டியே பூட்டப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகு அந்தச் சோதனை பார்த்தே இராத நோயாளிகளிடம் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் வெட்டுப்புள்ளியைப் புதிதாகக் கணக்கிட்டால், பூட்டவே இல்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. ஜி.எஸ்.இ.31210 யாருடைய தொகுப்பு என்று பார்த்தாயா? 226 பேரும் முதல் இரண்டு நிலைகள்தான், 168 பேர் முதல் நிலை. 127 பேருக்கு இ.ஜி.எஃப்.ஆர். என்ற வளர்ச்சி மரபணுவில் மாற்றம் இருக்கிறது. டி.சி.ஜி.ஏ.வில் எல்லா நிலைகளும் கலந்திருக்கின்றன, பெரும்பாலும் அமெரிக்க வெள்ளையர்கள், புகைப்பழக்கம் உள்ளவர்கள் அதிகம். இரண்டு தொகுப்பிலும் ஒரே நோய்தானா என்றே சந்தேகப்படலாம். அதில் நன்றாக வந்ததற்கு உன் மரபணுக்களும் காரணமாக இருக்கலாம், இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளவர்களை உன் மதிப்பெண் மறைமுகமாகப் பிரித்திருக்கவும் கூடும். அந்த விவரம் தொகுப்பிலேயே இருக்கிறது. போட்டுப் பார்.

ஸ்லைடுப்பெட்டி

நோய்க்குறியியல் ஆய்வகத்திலிருந்து எழுதுகிறேன். கணினிக்கு வருகிற எண்ணுக்கு முன்னால் நடப்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே யாரும் அதைத் தொடவில்லை.

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து நுரையீரல் மடல் எங்களுக்கு வருகிறது. ரத்த ஓட்டம் நின்ற நிமிடத்திலிருந்தே செல்லுக்குள் ஆர்.என்.ஏ. மாற ஆரம்பித்துவிடும். ஆக்ஸிஜன் குறைவுக்கு எதிர்வினை காட்டும் மரபணுக்கள் ஏறும். அப்புறம் பார்மலினில் போடுகிறோம். ஒரு நாள் கிடக்கும், வெள்ளிக்கிழமை வந்தது என்றால் கூடுதலாகவும் கிடக்கும். பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்த திசு) ஆகி வெளியே வரும்போது ஆர்.என்.ஏ. துண்டு துண்டாக இருக்கும். உறைய வைத்த திசுவில் மைக்ரோஅரே போட்டுக் கண்டுபிடித்த பட்டியலை இந்தப் பிளாக்கில் அப்படியே அளக்க முடியாது.

அடுத்தது எந்த இடத்திலிருந்து துண்டை எடுக்கிறோம் என்பது. நுரையீரல் அடினோகார்சினோமா ஒரே கட்டிக்குள் பல முகம் காட்டும். ஓர் ஓரத்தில் காற்றறைச் சுவரையொட்டிச் சாதுவாகப் படர்ந்திருக்கும். அங்கிருந்து ஸ்லைடை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் கெட்டியான கூட்டமாக, உட்கரு பெருத்து, செல்பிரிவு நிறைய, நடுவில் செத்த திசு. முதல் இடத்தில் சுரண்டினால் ஒரு மதிப்பெண், இரண்டாவது இடத்தில் சுரண்டினால் வேறு மதிப்பெண். எவ்வளவு லிம்போசைட்டுகள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்) உள்ளே புகுந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தும் மாறும். "நோய் எதிர்ப்பு மரபணுக்கள் உயர்வு" என்று உங்கள் பட்டியல் சொல்வது பல நேரம் அந்த லிம்போசைட்டுகளைத்தான். கட்டிச் செல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

இதை நேரடியாகக் கையில் எடுத்தவர்கள் பிரிட்டனின் டிரேஸர்எக்ஸ் குழு. ஒவ்வொரு கட்டியிலும் பல இடங்களிலிருந்து துண்டு எடுத்தார்கள். பழைய பட்டியல்களைப் போட்டுப் பார்த்தால், ஒரே நோயாளியின் ஒரு துண்டு உயர் ஆபத்து, இன்னொரு துண்டு குறைந்த ஆபத்து என்று கணிசமான பேருக்கு வந்தது. அதனால் நோயாளிக்கு நோயாளி மாறுகிற, ஆனால் ஒரே கட்டிக்குள் மாறாத மரபணுக்களை மட்டும் தேடி, 23 மரபணுக்கள் கொண்ட ஆரக்கிள் என்ற பட்டியலை 2019இல் வெளியிட்டார்கள். 2025இல் டிரேஸர்எக்ஸின் இன்னும் பெரிய நோயாளிக் குழுவிலும் சோதித்திருக்கிறார்கள். நான் படித்ததில் கட்டியின் உயிரியலைப் புரிந்துகொண்டு செய்த வேலை என்று எனக்குத் தோன்றுவது இதுதான்.

கடைசியாக ஒன்று. 2020இல் வந்த சர்வதேசத் தரப்படுத்தலில், கெட்டியான வடிவம், நுண்காம்பு வடிவம், சிக்கலான சுரப்பி வடிவம் போன்ற மோசமான வடிவங்கள் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மூன்றாம் தரம் என்று எழுதுகிறோம். சாதாரண எச் அண்ட் ஈ சாயம், சாதாரண மைக்ராஸ்கோப். பிழைப்பைப் பற்றி அது சொல்வது கொஞ்சநஞ்சம் இல்லை. இளவேனில், உங்கள் 9 மரபணுக்கள் இந்தத் தரத்தைத் தாண்டி ஏதாவது சொல்கின்றனவா என்று பார்த்தீர்களா?

இளவேனில்

டி.சி.ஜி.ஏ.வின் பொதுக் கோப்பில் அந்தத் தரம் இல்லை மேடம். அதனால் பார்க்கவில்லை.

ஸ்லைடுப்பெட்டி

டி.சி.ஜி.ஏ.வின் ஸ்லைடு படங்கள் பொதுவில் இருக்கின்றன. ஒரு பாத்தாலஜிஸ்ட்டைக் கூடச் சேர்த்துக்கொண்டு ஐம்பது, நூறு ஸ்லைடு பார்த்தாலே ஒரு யோசனை கிடைக்கும்.

பழையகோப்பு

டியூக் பல்கலைக்கழக விவகாரத்தை யாரும் எடுக்கவில்லையே. இந்தத் துறைக்கு வருகிற ஒவ்வொரு மாணவருக்கும் இதை முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டும்.

2006 ஆகஸ்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அனில் பொட்டி முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை. முதல் நிலை நுரையீரல் புற்றுநோயில் யாருக்குத் திரும்ப வரும் என்பதை "மெட்டாஜீன்" (பல மரபணுக்களைச் சேர்த்த ஒற்றை அளவு) மாதிரி சொல்லிவிடும் என்றார்கள். இரண்டு வெளிக் குழுக்களில் துல்லியம் 72 சதவீதம், 79 சதவீதம். உலகம் முழுக்க ஒரே பரபரப்பு. அதே குழு சில மாதங்களில் இன்னொரு இதழில், எந்தக் கீமோ மருந்து யாருக்கு வேலை செய்யும் என்பதையும் மரபணு வெளிப்பாட்டை வைத்துச் சொல்லலாம் என்று எழுதியது. அதை வைத்து டியூக்கில் நிஜ நோயாளிகளிடம் மருந்துச் சோதனைகளே தொடங்கிவிட்டன.

எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் கீத் பேகர்லி, கெவின் கூம்ஸ் இருவரும் புள்ளியியலாளர்கள். அவர்களுடைய மருத்துவர்கள் "நாமும் இதைச் செய்யலாமே" என்று கேட்டதால், மூலத் தரவை இறக்கி அதே முடிவு வருகிறதா என்று பார்த்தார்கள். வரவில்லை. தோண்டத் தோண்ட விஷயங்கள் வெளிவந்தன. மரபணுப் பெயர்ப் பட்டியல் ஒரு வரிசை கீழே நகர்ந்திருந்தது, அதாவது கட்டுரையில் அச்சான பெயர்கள் மாதிரி பயன்படுத்திய மரபணுக்களே இல்லை. மருந்துக்குப் பணிந்தவை, பணியாதவை என்ற குறிகள் சில இடங்களில் தலைகீழாக இருந்தன. அந்த மாதிரியை நம்பி மருந்து கொடுத்தால், வேலை செய்யாத மருந்தைத் தேடிப்பிடித்துக் கொடுத்ததாக ஆகும். 2009இல் ஒரு புள்ளியியல் இதழில் இதையெல்லாம் வரிவரியாக எழுதினார்கள்.

டியூக் சோதனைகளை நிறுத்தியது, உள் விசாரணை ஒன்று நடத்தியது, 2010 தொடக்கத்தில் மறுபடியும் ஆரம்பித்தது. இதற்கிடையில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் லிசா மெக்ஷேன் அந்த நுரையீரல் மாதிரியை நேரடியாகச் சோதித்தார். அவராலும் அந்த முடிவுகளைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அரசு நிதியில் நடந்துகொண்டிருந்த ஒரு பெரிய நுரையீரல் ஆய்விலிருந்து அந்த மதிப்பெண் நீக்கப்பட்டது. 2010 ஜூலையில் பொட்டியின் தன்விவரக் குறிப்பில் இருந்த ரோட்ஸ் உதவித்தொகை விவரம் பொய் என்று செய்தி வெளியான பிறகுதான் எல்லாம் நிஜமாக நின்றது. நவம்பரில் அவர் ராஜினாமா செய்தார். 2011 மார்ச்சில் அந்த நுரையீரல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2015இல் அமெரிக்க ஆய்வு நேர்மை அலுவலகம், அவர் பொய்யான ஆய்வுத் தரவைச் சேர்த்தார் என்று முடிவு செய்தது.

என்னால் தாங்க முடியாத இடம் எது தெரியுமா? வரிசை மாறியதைக் காட்டிக் கொடுத்தபோது நிற்காதது, உதவித்தொகைப் பொய் வந்தபோது நின்றது. அந்த இடைவெளியில் நோயாளிகள் அந்தச் சோதனைகளில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வேறு வழி அதிகம் இல்லை, நம்பித்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

அளவுகோல்

மேலே சொன்னதோடு சேர்த்து: அதற்குப் பிறகு அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சோதனையின் கணக்கு முறை முழுவதையும் பூட்டிய பிறகுதான் உறுதிப்படுத்தல் ஆய்வு தொடங்க வேண்டும், தரவும் நிரலும் வெளியே இருக்க வேண்டும் என்பவை அதில் முக்கியம். நான் மேலே சொன்ன பூட்டு அங்கிருந்து வந்ததுதான்.

வார்டுரவுண்ட்ஸ்

புற்றுநோய் மருத்துவர். ஓர் ஆட்சேபத்தோடு வருகிறேன். டியூக் கதையைப் படிப்பவர்கள் இந்தத் துறையே மோசடி என்று நினைத்துவிடக் கூடாது. நேர்மையாக, கடினமாக உழைத்தவர்கள் நிறைய பேர்.

2008இல் பல வட அமெரிக்க மையங்கள் சேர்ந்து 442 அடினோகார்சினோமாக்களை ஒரே முறையில் அளந்து, சோதனைக் குழுவின் முடிவுகளை மறைத்து வைத்து, எட்டு விதமான கணிப்பு முறைகளை ஓடவிட்டன. கிடைத்த பதில் அடக்கமானது: மரபணு மட்டும் என்றால் சுமார், மருத்துவ விவரங்களோடு சேர்த்தால் மேல். தைவானில் 2007இல் டி.யு.எஸ்.பி.6, எம்.எம்.டி., ஸ்டாட்1, இ.ஆர்.பி.பி.3, எல்.சி.கே. என்று ஐந்தே மரபணுக்களைச் சாதாரண பி.சி.ஆரில் அளக்கும்படி சுருக்கினார்கள். 2012இல் கலிபோர்னியாக் குழுவின் 14 மரபணுச் சோதனை வந்தது. பார்மலின் பிளாக்கிலேயே அளக்கலாம். 361 பேரிடம் உருவாக்கி, தனியாக 433 பேரிடமும், சீனாவில் 1006 பேரிடமும் சோதித்தார்கள். பிறகு வணிகச் சோதனையாகவே வந்தது. நுரையீரலில் எதுவுமே இல்லை என்பது சரியில்லை.

அந்த 433 பேரின் கணக்கைப் பாருங்கள். எல்லோரும் முதல் நிலை. ஐந்து ஆண்டு பிழைப்பு குறைந்த ஆபத்துக் குழுவில் 71.4 சதவீதம், நடுக் குழுவில் 58.3, உயர் ஆபத்தில் 49.2. உண்மையான வித்தியாசம்தான். ஆனால் நான் நோயாளியின் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். "உயர் ஆபத்து" என்று வந்தவர்களில் பாதிப் பேர் ஐந்து வருடம் கழித்தும் இருக்கிறார்கள். "குறைந்த ஆபத்து" என்று வந்தவர்களில் பத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று பேர் இல்லை. இதை வைத்து அந்த ஒருவரிடம் என்ன சொல்வது?

எனக்கு வேண்டியது, அவருக்கு நான் செய்யப்போவதை இந்த எண் மாற்றுமா என்பதுதான். ஆபரேஷனுக்குப் பிறகு சிஸ்பிளாட்டின் அடிப்படையிலான கீமோ கொடுப்பதால் ஐந்து வருடத்தில் கிடைக்கும் லாபம், ஐந்து பெரிய ஆய்வுகளின் 4584 பேரைச் சேர்த்துப் பார்த்த 2008 கணக்குப்படி, 5.4 சதவீதம். இரண்டு, மூன்றாம் நிலையில் தெளிவான லாபம். ஒன்று பி நிலையில் தெளிவில்லை. ஒன்று ஏ நிலையில் கெடுதல் பக்கமே சாய்ந்தது. அப்படியென்றால் மரபணுச் சோதனையால் பயன் வரவேண்டிய இடம் முதல் நிலைதான். அங்கே "மோசமாகப் போகும்" என்று கணித்தால் மட்டும் போதாது. "மோசமாகப் போகும், ஆனால் கீமோ கொடுத்தால் திருந்தும்" என்று காட்ட வேண்டும். இவை இரண்டும் வேறு வேறு. மோசமான கட்டி கீமோவுக்கும் பணியாத கட்டியாக இருக்கலாம்.

மார்பகத்தில் கீமோவால் லாபம் உண்டா என்பதை நேரடியாகவே சோதித்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை எடுத்து, நடு மதிப்பெண் வந்தவர்களைக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேருக்கு ஹார்மோன் சிகிச்சை மட்டும், மீதிப் பேருக்குக் கீமோவும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் பதில் வந்தது. நுரையீரலில் அந்த அளவில் முடிந்த ஆய்வு ஒன்றும் கையில் இல்லை. இளவேனிலின் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்.

ஸ்லைடுப்பெட்டி

டாக்டர், இ.ஆர்.சி.சி.1 பற்றியும் சொல்லுங்கள். எங்கள் ஆய்வகத்தில் அந்த ஆன்டிபாடியை வாங்கச் சொல்லி எத்தனை பேர் கேட்டார்கள்!

வார்டுரவுண்ட்ஸ்

ஆமாம், நல்ல ஞாபகம். சிஸ்பிளாட்டின் டி.என்.ஏ.வில் போடும் முடிச்சை அவிழ்க்கும் புரதம் இ.ஆர்.சி.சி.1. அது இல்லாத கட்டிக்குச் சிஸ்பிளாட்டின் நன்றாக வேலை செய்யும் என்று 2006இல் 761 கட்டிகளை வைத்துக் காட்டினார்கள். காரணமும் பொருத்தமாக இருந்தது, எல்லோரும் நம்பினோம். 2013இல் அதே ஆராய்ச்சி வட்டமே திரும்பச் சோதித்தபோது முடிவு நிற்கவில்லை. அந்தப் புரதத்துக்கு நான்கு வடிவங்கள், அவற்றில் ஒன்றுதான் பழுதுபார்க்கும் வேலையைச் செய்கிறது. கையில் இருந்த எந்த ஆன்டிபாடியாலும் அந்த ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்ட முடியவில்லை. எதை அளக்கிறோம் என்றே தெரியாமல் அளந்திருக்கிறோம். அதை அவர்களே வெளியே வந்து எழுதினார்கள், அதற்காக அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இதற்கிடையில் களமும் மாறிவிட்டது. இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு ஒசிமெர்டினிப் மாத்திரை. ஒன்று பி முதல் மூன்று ஏ வரையிலான நோயாளிகளில் ஐந்து ஆண்டு பிழைப்பு 78இலிருந்து 88 சதவீதம் ஆனது. ஏ.எல்.கே. மரபணுவில் மாற்றம் இருந்தால் அலெக்டினிப். முற்றிய நோயில் பி.டி.எல்.1 (நோய் எதிர்ப்பை அடக்கும் புரதம்) 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் கீமோ இல்லாமலேயே பெம்ப்ரோலிசுமாப் என்ற நோய் எதிர்ப்பைத் தூண்டும் மருந்தைத் தொடங்கலாம். இவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்கின்றன, அந்தப் பதிலுக்கு எதிரே ஒரு மருந்து இருக்கிறது.

மதுரைவாசி

மன்னிக்கணும், நான் இந்தத் துறை இல்லை. தேடும்போது இந்த இழை கிடைத்தது. அம்மாவுக்கு 61 வயது. நுரையீரலில் ஒரு மடலை எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் அடினோகார்சினோமா, ஒன்று பி என்று இருக்கிறது. ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து ஆள் வந்து, மரபணு டெஸ்ட் எடுத்தால் அம்மா எத்தனை வருடம் இருப்பார்கள் என்று தெரிந்துவிடும் என்றார். தொகை பெரிதாக இருக்கிறது. தங்கச்சி நகையை வைக்கலாம் என்கிறாள். எடுக்கலாமா? நீங்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியவில்லை, அதனால் நேராகக் கேட்கிறேன்.

வார்டுரவுண்ட்ஸ்

சார், நகையை வைக்க வேண்டாம். எத்தனை வருடம் என்று எந்தச் சோதனையும் உங்கள் அம்மாவுக்குச் சொல்லாது. மேலே நான் எழுதிய எண்களைப் பாருங்கள். நல்லபடியாக நடத்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சரிபார்த்த சோதனையிலேயே மோசமான குழுவில் பாதிப் பேர் ஐந்து வருடம் கழித்தும் உயிரோடு இருக்கிறார்கள்.

அதற்குப் பதிலாக அம்மாவைப் பார்க்கும் மருத்துவரிடம் இதையெல்லாம் கேளுங்கள். கட்டி எத்தனை சென்டிமீட்டர்? எத்தனை நிணநீர்க் கணுக்களை எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் சுத்தமா? வெட்டிய ஓரம் சுத்தமா? நுரையீரல் உறை வரைக்கும் போயிருக்கிறதா? அப்புறம் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. இரண்டும் பார்த்தார்களா, இல்லையென்றால் இருக்கிற பிளாக்கிலேயே பார்க்க முடியுமா? இந்த இரண்டும் பெயரில் மரபணு டெஸ்ட்தான், ஆனால் அந்த ஆள் சொன்னது வேறு, இது வேறு. நம் ஊர் நோயாளிகளில், அதுவும் புகைப்பழக்கம் இல்லாத பெண்களில், இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் அடிக்கடி கிடைக்கும். அம்மாவுக்கு இருந்தால் ஒன்று பி நிலையிலேயே மாத்திரை பற்றிப் பேச இடம் இருக்கிறது. செலவு செய்வதென்றால் அங்கே செய்யுங்கள்.

மதுரைவாசி

ரொம்ப நன்றி டாக்டர். ரிப்போர்ட்டில் "நிணநீர்க் கணு 11, எல்லாம் நெகட்டிவ்" என்று எழுதியிருக்கிறது. இ.ஜி.எஃப்.ஆர். பற்றி எதுவும் இல்லை.

ஸ்லைடுப்பெட்டி

பதினொன்றும் நெகட்டிவ் என்பது நல்ல செய்தி சார். பிளாக் அந்த ஆய்வகத்திலேயே பத்திரமாக இருக்கும், திரும்ப ஊசி குத்த வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்துப் பிளாக்கைக் கேளுங்கள். கொடுக்கும்போது எந்தப் பிளாக்கில் கட்டி அதிகம் என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். அது முக்கியம். கட்டிச் செல் குறைவான பிளாக்கை அனுப்பினால் இருக்கிற மாற்றமும் இல்லை என்று வந்துவிடலாம்.

பழையகோப்பு

இளவேனில், அந்த ஆளைப் போன்றவர்கள் கையில் கொண்டுபோகும் விளம்பரத் தாளில் உன் கட்டுரையும் ஒரு மேற்கோளாகப் போகலாம். ஃபெராப்டோசிஸ் (செல் சாகும் ஒரு விதம்) மரபணுப் பட்டியல், குப்ராப்டோசிஸ் (இன்னொரு விதம்) பட்டியல், எம்.6.ஏ. (ஆர்.என்.ஏ.வில் சேரும் ஒரு குறி) பட்டியல் என்று அதே டி.சி.ஜி.ஏ. நோயாளிகளை வைத்துக் கட்டுரைகள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. மரபணுக் கூட்டத்தின் பெயர் மட்டும் மாறுகிறது. 2010லேயே சுப்ரமணியன், சைமன் இருவரும் அதுவரை வந்த 16 நுரையீரல் ஆய்வுகளை அலசி, வார்டுக்குத் தயாரான எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். அதைப் படித்த பிறகும் அதே வழியில் இன்னொன்று செய்வது ஏன்?

இளவேனில்

நியாயமான கேள்விதான், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்களைப் போன்ற கல்லூரிகளில் புதிதாகத் திசு எடுக்கவோ வரிசைப்படுத்தவோ பணம் இல்லை. பொதுத் தரவு ஒன்றுதான் கையில் இருக்கிறது. அதை வைத்து எதையும் செய்யக் கூடாது என்றால் எங்களுக்கு வழியே இல்லை. கேட்க வேண்டிய கேள்வியை மாற்றலாம் என்று நினைக்கிறேன்.

இன்று மத்தியானம் அளவுகோல் சார் சொன்னபடி ஜி.எஸ்.இ.31210ஐ இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்து ஓடவிட்டேன். மாற்றம் உள்ளவர்களுக்குள் மட்டும் பார்த்தால் என் 9 மரபணுக்கள் எதையும் பிரிக்கவில்லை. இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டே போகின்றன.

வழிகாட்டியிடம் பேசிவிட்டேன். புதுப் பட்டியல் வேண்டாம். ஏற்கெனவே வெளியான பட்டியல்களில் மரபணுவும் எடையும் முழுதாகக் கொடுக்கப்பட்டவற்றை மட்டும் எடுத்து, எதையும் மாற்றாமல், நிலையும் வயதும் உள்ள அடிப்படை மாதிரியோடு ஒப்பிட்டு, எத்தனை பட்டியல்கள் அதற்கு மேலே ஏதாவது சொல்கின்றன என்று பார்க்கப் போகிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆயிரம் கண்மூடிப் பட்டியல்கள். யாராவது மேற்பார்வை செய்ய முடியுமா?

அளவுகோல்

நான் பார்க்கிறேன். ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம். என்ன செய்யப் போகிறாய் என்பதை எழுதி, தேதியோடு பொதுவில் போட்டுவிடு, முடிவைப் பார்த்த பிறகு முறையை மாற்ற இடம் இருக்கக் கூடாது. கண்மூடிப் பட்டியல்களை எடுக்கும்போது எல்லா மரபணுக்களிலிருந்தும் ஒரு முறை எடு, செல் பெருக்க மரபணுக்களை நீக்கிவிட்டு ஒரு முறை எடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் உனக்கு நிஜமான பதில் இருக்கும்.

ஸ்லைடுப்பெட்டி

ஸ்லைடு தரப்படுத்தலை நான் எடுத்துக்கொள்கிறேன். நூறு வேண்டாம், எண்பது அனுப்புங்கள். பிழைப்பு விவரம் எதுவும் எனக்குத் தெரியாதபடி, வரிசை எண் மட்டும் போட்டு அனுப்புங்கள்.